திறன்பேசியில் ஜிபிஎஸ் தாமதமும் இருப்பிடப் பிழையும்

திறன்பேசி தன் இருப்பிடத்தைக் கண்டறிய நெடுநேரம் எடுத்துக்கொள்வதும், கண்டறிந்த இடம் உண்மையான இடத்திலிருந்து விலகி நிற்பதும் பேச்சுவழக்கில் ‘ஜிபிஎஸ் கோளாறு’ என்ற ஒரே பெயரால் குறிக்கப்பட்டாலும், அவை வெவ்வேறு காரணங்களால் தோன்றி வெவ்வேறு தீர்வுகளை வேண்டுபவை. முன்னது பெரும்பாலும் தேவையான தரவு வந்துசேராமையால் நேர்வது. பின்னது பெரும்பாலும் சமிக்ஞை வரும் பாதை கெடுவதால் நேர்வது. மேலும், வரைபடத்தில் நகரும் நீலப்புள்ளி செயற்கைக்கோள்களை மட்டும் நம்பி இடப்படுவதன்று. சுற்றிலும் உள்ள வைஃபை கருவிகள், செல்பேசிக் கோபுரங்கள், பேசிக்குள் இருக்கும் அசைவுணரிகள் ஆகியவை தரும் தகவல்களையும் சேர்த்து இயங்குதளம் செய்யும் மதிப்பீடே அது. எந்த மூலத்தில் குறை என்று பிரித்தறியாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால் பயன் விளைவது அரிது.

அமெரிக்க அரசுக்கு உரிய ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்து, அணுக்கடிகாரங்களின் துணையோடு நேரம் குறித்த சமிக்ஞைகளை இடைவிடாமல் பரப்புகின்றன. அச்சமிக்ஞை புறப்பட்ட நேரத்துக்கும் வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தொலைவு 300 மீட்டர் பிசகும். பேசியில் உள்ள எளிய கடிகாரம் அவ்வளவு துல்லியமானது அன்று என்பதால், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு அக்கடிகாரத்தின் பிழையையும் நான்காவது அறியாக் கணியமாகக் கொண்டு தீர்க்க வேண்டியிருக்கிறது; குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுவது இதனால்தான்.

தொலைவை அளந்தால் மட்டும் போதாது. அளந்த நொடியில் ஒவ்வொரு செயற்கைக்கோளும் எங்கே இருந்தது என்பதும் தெரிய வேண்டும். இந்தச் சுற்றுப்பாதைத் தரவைச் செயற்கைக்கோளே அனுப்புகிறது. ஆனால் அதன் வேகம் நொடிக்கு 50 பிட் மட்டுமே. ஒரு செயற்கைக்கோளின் நுட்பமான பாதைத் தரவு 30 நொடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான இடங்களைக் கூறும் பஞ்சாங்கம் போன்ற தொகுப்பு முழுமையாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகிறது. தாமதத்தின் வேர் இங்கேதான் உள்ளது. தொலைவை அளக்கப் போதுமான வலிமையுள்ள சமிக்ஞை, தரவைப் பிழையின்றிப் படிக்கப் போதாமல் போகலாம். மரநிழலிலோ நகரும் வாகனத்திலோ இருக்கும்போது ஒரு பகுதி விடுபட்டால், அப்பகுதி மீண்டும் வரும்வரை கருவி காத்திருக்க நேர்கிறது. பாதைத் தரவு சில மணி நேரமே செல்லும் என்பதால், பல நாள் அணைத்து வைக்கப்பட்ட பேசியோ, விமானத்தில் நெடுந்தொலைவு கடந்து வந்த பேசியோ எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இதற்குக் ‘குளிர் தொடக்கம்’ என்று பெயர். அந்நேரத்தில் பயணத்தைத் தொடங்கிவிடாமல், வானம் நன்கு தெரியும் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் அசையாமல் நிற்பதே மிக எளிய, ஆயினும் மிகக் குறைவாகவே கடைப்பிடிக்கப்படும் தீர்வு.

இக்காத்திருப்பைக் குறைக்க உருவானதே துணைபெறு ஜிபிஎஸ். இம்முறையில் பாதைத் தரவும் தோராயமான நேரமும் இணையம் வழியே வந்துவிடுவதால், முதல் இருப்பிடம் சில நொடிகளில் கிடைக்கிறது. இணையம் இல்லாத மலைப்பகுதியில் ‘ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை’ என்று எழும் முறையீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இத்துணை கிடைக்காமையே. அல்லது இருப்பிடம் சரியாகவே தெரிந்தும் வரைபடப் படங்கள் தரவிறங்காமையே. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் இரண்டாவது சிக்கல் முற்றிலும் நீங்கும். சேமித்த துணைத் தரவு கெட்டிருந்தால், ஜிபிஎஸ் ஆய்வுச் செயலிகள் சிலவற்றின் வழியே ஆண்ட்ராய்டு பேசியில் அதை அழித்துப் புதிதாகப் பெறலாம். இணையம் இல்லாத இடத்தில் அவ்வாறு அழிப்பது தாமதத்தை மிகுவிக்கும்.

பிழையான இருப்பிடத்துக்கு முதன்மைக் காரணம் பல்வழி எதிரொலிப்பு. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் சுவரிலோ கண்ணாடியிலோ பட்டுத் திரும்பி வரும்போது, அது கடந்த தொலைவு கூடி, நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவுகிறது. ஜிபிஎஸ் சமிக்ஞை வலப்புறமாகச் சுழலும் முனைவாக்கம் கொண்டது. எதிரொலித்தபின் அச்சுழற்சி பெரும்பாலும் இடப்புறமாக மாறிவிடும். நில அளவைக் கருவிகளின் அலைவாங்கி இவ்வேறுபாட்டைக் கொண்டு எதிரொலியைப் பெரிதும் ஒதுக்கிவிடுகிறது. பேசியின் விளிம்பில் அடங்கிய சிறிய அலைவாங்கிக்கு அத்திறன் இல்லை. எனவே திறந்த வெளியில் 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும் அதே பேசி, நெருக்கமான கடைவீதியில் பல பத்து மீட்டர் விலகிக் காட்டுவதைப் பழுது என்று கொள்வது பொருந்தாது. 2018-இல் வெளிவந்த ஷவோமி மி 8 முதலாகச் சில பேசிகள், 1575.42 மெகாஹெர்ட்சில் இயங்கும் எல்1 அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்சில் இயங்கும் எல்5 அலைவரிசையையும் பெறுகின்றன. எல்5 நேர்ச் சமிக்ஞையை எதிரொலியிலிருந்து நன்கு பிரித்துக் காட்டுவதால், நகரவாசிக்குப் பேசி வாங்கும்போது கருதத்தக்க முதல் தன்மை இதுவே எனலாம்.

இரட்டை அலைவரிசை, அயனி மண்டலம் என்னும் மேல்வளி அடுக்கு உண்டாக்கும் காலத்தாழ்வையும் திருத்த உதவுகிறது. தென்னிந்தியாவின் தென்கோடி வழியே காந்த நடுக்கோடு செல்கிறது. இக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் ஏற்படும் கொந்தளிப்பு, சமிக்ஞையைச் சிற்சில வேளைகளில் மினுக்குறச் செய்யும். சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளில் இது கூடுதலாக நிகழும். இம்மினுக்கத்துக்குப் பேசியில் செய்யத்தக்க திருத்தம் எதுவும் இல்லை.

மென்பொருள் காரணங்களில் முதலாவது அனுமதி. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 ஆகியவற்றிலிருந்து, ஒரு செயலிக்குத் துல்லியமான இருப்பிடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தர இயலும். அவ்வாறு தரப்பட்ட செயலி சில கிலோமீட்டர் பிழையோடு இயங்குவது இயல்பு. ‘பிரிசைஸ் லொக்கேஷன்’ என்ற தெரிவை அச்செயலிக்கு மட்டும் இயக்கினால் போதும். அடுத்தது மின்சேமிப்பு முறை: இது திரை அணைந்தவுடன் இருப்பிடச் சேவையை நிறுத்தக்கூடும் என்பதால், நடைப்பயிற்சிப் பதிவில் வளைவுகள் நேர்கோடுகளாகச் சுருங்கிவிடலாம். வைஃபை சார்ந்த மதிப்பீட்டிலும் ஒரு வினோதம் நேரலாம்: வீடு மாறியவர் தம் வைஃபை கருவியையும் உடன் கொண்டு சென்றால், தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்வரை நீலப்புள்ளி பழைய முகவரியிலேயே நிற்கக்கூடும். புள்ளி சரியான இடத்தில் இருந்து, அதிலிருந்து விரிந்து திசை காட்டும் கூம்பு மட்டும் தவறினால், குறை காந்தத் திசைகாட்டியில் உள்ளது. காந்தம் பொருத்திய உறையைக் கழற்றிவிட்டுப் பேசியை எட்டு வடிவில் அசைத்தால் பெரும்பாலும் அது சீராகும்.

வன்பொருளை ஐயுறுவதற்கு முன், சமிக்ஞை வலிமையைக் காட்டும் செயலியைத் திறந்த வெளியில் இயக்கிப் பார்ப்பது நன்று. பல செயற்கைக்கோள்கள் 40 டெசிபெல்-ஹெர்ட்சை ஒட்டித் தெரிந்தால் அலைவாங்கி நலமாக உள்ளது என்று கொள்ளலாம். எல்லாமே 25-க்குக் கீழே தங்கினால், உலோக உறையையும் காருக்குள் இயங்கும் கேமரா, மலிவான சார்ஜர் ஆகியவற்றையும் விலக்கி மீண்டும் சோதிக்க வேண்டும். அதன் பின்னும் மாற்றமில்லையெனில், குறிப்பாகத் திரையோ பின்மூடியோ மாற்றப்பட்ட பேசியில், அலைவாங்கியைச் சுற்றுப்பலகையோடு இணைக்கும் சிறு தொடுமுனை விலகியிருக்கக்கூடும். பழுதுபார்ப்பவரிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்வது தேவையற்ற உதிரிபாகச் செலவைத் தவிர்க்கும். மிகப் பழைய பேசிகளில் காரணம் நாள்காட்டியிலும் இருக்கலாம். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரலில் அவ்வாறு நிகழ்ந்ததைத் தொடர்ந்து, ஐபோன் 5 வைத்திருந்தோர் அவ்வாண்டு நவம்பருக்குள் ஐஓஎஸ் 10.3.4 பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது. அப்பதிப்பை நிறுவாத பேசியில் அலைவாங்கியை மாற்றியும் பயனில்லை. முதலில் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும்.