நியூ கோக்

நியூ கோக் என்பது அமெரிக்காவின் கோகோ கோலா நிறுவனம் 1985 ஏப்ரல் 23 அன்று, 99 ஆண்டுகளாக விற்றுவந்த தன் மூலப் பானத்தை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக வெளியிட்ட, இனிப்புக் கூடிய மென்பானம். வாடிக்கையாளர் எதிர்ப்பால் 79 நாள்களில் பழைய பானம் கடைகளுக்குத் திரும்பியது.

பின்னணி

1886இல் அட்லாண்டா நகர மருந்தாளர் ஜான் பெம்பர்ட்டன் உருவாக்கிய மூலப் பானமான கோகோ கோலா (கோக்), ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் குவளை 5 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. அடுத்து உரிமை பெற்ற ஏசா கேண்ட்லர், இலவசக் குவளைக்கான சீட்டுகளை வழங்கி வாடிக்கையாளர்களைச் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்கச் சந்தையில் ஏறத்தாழ 60 விழுக்காடு கோக்கிடம் இருந்தது. 1983இல் அது 24 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பெப்சி நிறுவனம் 1975இல் டல்லாஸில் தொடங்கிய 'பெப்சி சவால்' இதை விரைவுபடுத்தியது. பெயர் மறைத்துக் கொடுத்த இரு குவளைகளில், கோக் பிரியர்களிலேயே பலர் பெப்சியைத் தேர்ந்தனர்.

சுவைச் சோதனை

'கான்சாஸ் திட்டம்' என்ற மறைபெயரில், தலைவர் ராபர்ட்டோ கோய்சுவேட்டா புதிய கலவைக்கு ஒப்புதல் அளித்தார். சுமார் 2 லட்சம் பேரிடம் 40 லட்சம் டாலர் செலவில் சோதனை நடந்தது. பெரும்பாலோர் புதியதையே விரும்பினர். ஆனால் பழையது இனிக் கிடைக்காது என்று சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் சொல்லவில்லை. புதியதையே கோகோ கோலா என்ற பெயரில் விற்றால் என்ன எனக் கேட்டபோது, பத்தில் ஒருவர் அளவுக்குக் கோபப்பட்டனர். அந்தச் சிறுபான்மையை நிறுவனம் பொருட்படுத்தவில்லை.

தொலைபேசியும் கடிதங்களும்

நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு, புதிய பானம் வெளியாகும் முன் நாளொன்றுக்கு 400 ஆக இருந்த அழைப்புகள், ஜூனில் 1,500 ஆயின. கடிதங்களும் அழைப்புகளுமாக 40,000க்கு மேல் வந்தன. 'தலைமை மூடர்' என்ற பொருள்பட முகவரியிட்ட ஒரு கடிதம் தவறாமல் கோய்சுவேட்டாவையே வந்தடைந்தது. அழைப்புகளை ஒட்டுக்கேட்ட மனநல மருத்துவர், சிலர் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்போல் பேசுவதாகத் தெரிவித்தார். பாட்டில் ஆலை உரிமையாளர்களும் முறையிட்டனர்.

ஜூலை 11 அன்று 'கோகோ கோலா கிளாசிக்' என்ற பெயரில் பழைய பானத்தின் மீள்வருகை அறிவிக்கப்பட்டது. செனட்டர் டேவிட் பிரையர் அவையில் இதை வரவேற்றார். இரண்டு நாளில் 31,600 அழைப்புகள் வந்தன. வாடிக்கையாளரின் பற்றை ஆய்வுகள் அளக்கத் தவறின என்று நிறுவனத்தின் இயக்கத் தலைவர் டொனால்ட் கியோ ஒப்புக்கொண்டார்.

ஐயங்கள்

எல்லாம் விளம்பரத் தந்திரமே என்ற வதந்தி ஆதாரமற்றது. சர்க்கரையை விட்டு மக்காச்சோளப் பாகுக்கு மாறியதை மறைக்கவே இந்த நாடகம் என்பதும் பொருந்தாது. அப்பாகைப் பயன்படுத்தும் அனுமதி ஆலைகளுக்கு 1984இலேயே கிடைத்துவிட்டது. எதிர்ப்புக்கு உண்மைக் காரணம் சுவையன்று, பழக்கத்தின் உரிமையுணர்வே.

பிற்காலம்

புதிய பானம் 1992இல் 'கோக் II' எனப் பெயர் மாறி, 2002இல் நின்றது. 2009இல் 'கிளாசிக்' என்ற சொல்லும் அமெரிக்கப் புட்டிகளிலிருந்து நீங்கியது. 2019இல் ஒரு தொலைக்காட்சித் தொடரையொட்டி நியூ கோக் சிறிது காலம் விற்பனைக்கு வந்தது.