துவக்குப் பணத்தில் எழுந்த வீடு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரில் உள்ள வின்செஸ்டர் வீட்டில் ஏறத்தாழ 160 அறைகள் உண்டு. கூரையில் முட்டி நின்றுவிடும் படிக்கட்டு ஒன்றும், திறந்து கால் வைத்தால் கீழே விழவேண்டிய மாடிக் கதவொன்றும் அங்கே இருக்கின்றன.

வீட்டுக்காரி சாரா வின்செஸ்டர். 1866 இல் கைக்குழந்தையையும், 1881 இல் காசநோயால் கணவரையும் இழந்தவர். கணவர் வின்செஸ்டர் துவக்குகளைச் செய்த குடும்பத்தவர். 1886 இல் எட்டு அறைப் பண்ணைவீடொன்றை வாங்கிய சாரா, அந்தத் துவக்குகளுக்குப் பலியானவர்களின் ஆவிகளுக்குப் பயந்து, 1922 இல் இறக்கும்வரை இரவு பகலாக அதைக் கட்டிக்கொண்டே இருந்தார் என்பது கதை. சுடப்பட்டவர்களுக்கு அந்தக் கதையில் பெயருமில்லை, ஊருமில்லை. பேயாக மட்டுமே வந்து போகிறார்கள்.

ஆவிகளோடு பேசும் ஒருவர் சொல்லித்தான் கட்டினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இடையிடையே வேலையை நிறுத்தியதை அவரது கடிதங்களே காட்டுகின்றன. 1906 நிலநடுக்கத்தில் ஏழு மாடிக் கோபுரம் சரிந்தது. இடிந்த பகுதிகள் பலவற்றை அவர் திருத்தவில்லை. விசித்திரக் கதவுகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். உயரம் குறைந்த படிகள் மூட்டுவாதத்துக்காக அமைத்தவை.

கணவர் நினைவாகக் காசநோய் வைத்தியசாலைக்கு அவர் பெருந்தொகை கொடுத்ததைச் சொல்பவர்கள் குறைவு.

1923 முதல் வீடு பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. இப்போது திருமணங்களும் விருந்துகளும் அங்கே நடக்கின்றன. ஒக்டோபரில் ஹலோவீன் இரவுக் காட்சிக்கும் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள்.