அம்மாவுக்கு ஒரு கத்தி

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூணு மாசம் ஆகிறது. "இனிமே தரையில உக்காரவே கூடாதும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அப்ப அருவாமனை?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அருவாமனைதான். கனத்த இரும்பு. அதில் உட்கார்ந்தால் காயைப் பிடிக்க ரெண்டு கையும் ஃப்ரீ. சமையல் மேடை மேல் தூக்கி வைத்துப் பார்த்தோம், மிதிச்சுப் பிடிக்கக் கால் இல்லாமல் நழுவுகிறது. "நீங்களே நறுக்கிக்குங்க, எனக்கென்ன" என்று அம்மா சொன்னபோது குரல் சரியில்லை. காய் நறுக்குற வேலை போனால் அடுப்படியும் கைவிட்டுப் போச்சு என்று அவங்களுக்கு ஒரு பயம்.

சரி, நல்ல கத்தியாக ஒன்று வாங்கித் தரலாம் என்று கிளம்பினேன். நமக்குத்தான் ஒரு சாமான் வாங்கப் போனால் அதோட பூர்வீகம் வரைக்கும் தோண்டாமல் தூக்கம் வராதே :-) தோண்ட ஆரம்பித்த இடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. போய் நின்ற இடம், அம்மா பிறந்த ஊரில் மொட்டை மாடி ஏறினால் தெரியும் கஞ்சமலை!

ஷெஃபீல்டு கத்திக்குப் பேர் போன ஊர். பதினாலாம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் வரும் ஒரு மாவு மில்காரன் ஷெஃபீல்டு கத்தியைச் செருகிக்கொண்டு திரிகிறான். 1624-ல் அங்கே கத்தி செய்பவர்களுக்கென்று சட்டப்படி ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது. ஊரைச் சுற்றி ஐந்து ஆறுகள். அந்தத் தண்ணி வேகத்தில் சாணைக்கல் சுழலும். கல்தூசியை நாள் முழுக்க மூச்சில் இழுத்த சாணைக்காரர்களில் பலர், அதிலும் முள்கரண்டி தீட்டியவர்கள், நாற்பது வயசைக்கூடப் பார்க்கவில்லை. பளபளப்புக்குப் பின்னாடி எப்பவும் யாரோ ஒருத்தர் இருமிக்கொண்டு இருந்திருக்கிறார்.

1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்கிற கடிகாரக்காரர் அங்கே வருகிறார். கடிகார ஸ்பிரிங்குக்கு ஒரே சீரான எஃகு வேண்டும். அன்றைக்குக் கிடைத்ததோ ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து. இவர் எஃகை மண் மூசையில் போட்டு முழுசாக உருக்கி வார்த்தார். அருமையான சரக்கு. ஆனால் ஷெஃபீல்டு கொல்லர்கள், "ரொம்பக் கெட்டியா இருக்கு, அடிக்க முடியாது" என்று ஒதுக்கிவிட்டார்கள். பிரான்சுக்காரர்கள் வாங்கிக் கத்தி செய்து, அது இங்கிலாந்துக்கே விற்பனைக்கு வந்த பிறகுதான் இவர்களுக்கு ரோஷம் வந்ததாம்.

மூசையில் எஃகு உருக்குவது நம்ம பக்கம் பல நூற்றாண்டுப் பழசு. ஈரோடு பக்கம் கொடுமணலில் அகழாய்வில் இரும்பு, எஃகு செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் இந்த எஃகை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னடத்து 'உக்கு', நம்ம 'உருக்கு' எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். 1794-ல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் இந்த எஃகுக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசஃப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்கிற கத்திக்காரர் அதில் பேனாக்கத்தி செய்து பார்த்து அசந்துபோனார். பின்னாளில் மின்சாரத்தால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் இதே ஸ்டோடர்ட்டும் சேர்ந்து இந்த எஃகின் ரகசியத்தைத் தேடி, வெள்ளி, பிளாட்டினம் எல்லாம் கலந்து சோதித்தார்கள். 1822-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் குரோமியமும் வருகிறது. இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

இப்பதான் நம்ம சேலம் வருகிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர். சேலத்து இரும்புத் தாதுவைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஆரம்பித்தார். சேலத்துத் தாது அங்கே போகும், விறகுக்கரி போட்டு உருக்குவார்கள். நம்ம ஊர் கொல்லர்கள் எஃகு செய்த விதத்தையும் எழுதி வைத்தார். இரும்புத் துண்டோடு ஆவாரங் குச்சியையும் எருக்க இலையையும் மூசையில் போட்டு, களிமண்ணால் வாயை அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி ஊதுவார்களாம். ஆவாரையும் எருக்கும் நாம ரோட்டோரத்தில் பார்க்கிற செடிகள்தான். இரும்பை எஃகாக்கும் கரி அதிலிருந்துதான் ஏறுகிறது.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839-ல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை குறைந்த இரும்பிலேயே அடித்தால் வெடிக்காத நல்ல எஃகு கிடைத்தது. ஷெஃபீல்டு சாப்பாட்டு மேஜைக் கத்திகளின் விலை இறங்கியது. ஆனால் காப்புரிமையில் எழுதியிருந்ததிலிருந்து செய்முறையைச் சின்னதாக மாற்றி, பணம் கொடுக்காமலே எல்லோரும் பயன்படுத்திக்கொண்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்து, கையில் இருந்ததையும் தொலைத்து, 1851-ல் செத்துப்போனார். வழக்கு அதற்கப்புறமும் நடந்தது. மனுஷனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு எஃகு வந்தும் ஒரு தொல்லை தீரவில்லை. அது அம்மாவுக்கும் நல்லாத் தெரியும். வாழைப்பூவை இரும்பில் நறுக்கினால் கறுக்கும். எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் இரும்பு வாடை. அன்றைய இங்கிலாந்துப் பணக்கார வீடுகளில் பழத்துக்கும் மீனுக்கும் தனியாக வெள்ளிக் கத்தி வைத்தது அந்தஸ்துக்கு மட்டுமில்லை, புளிப்பு பட்டு எஃகு ருசியைக் கெடுத்ததும் ஒரு காரணம். மிச்சக் கத்திகளைத் தினம் செங்கல்தூள் போட்டுத் தேய்க்க வேலைக்காரப் பையன்கள் இருந்தார்கள். எங்க வீட்டில் அந்த வேலைக்காரப் பையனும் அம்மாதான். சாம்பலும் தேங்காய்நாரும் வச்சு நாற்பது வருஷம்.

அந்தத் தொல்லை தீர்ந்தது 1913 ஆகஸ்டில், அதே ஷெஃபீல்டில். ஹாரி பிரேர்லி, எஃகுத் தொழிலாளியின் மகன். சின்ன வயசிலேயே ஆலைக்கு வேலைக்குப் போய், தானே படித்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தவர். துப்பாக்கிக் குழல் தேய்மானத்துக்கு வழி தேடியவர், 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்து ஒரு எஃகு வார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக அமிலத்தில் அரிக்கவிட்டால், அரிக்கவே மாட்டேன் என்கிறது! கத்திக்கு ஆகும் என்று உடனே அவருக்குப் பொறி தட்டியது. முதலாளிகளுக்குத் தட்டவில்லை. சாம்பிள் வாங்கிப் பார்த்த கொல்லர்களும், அடிக்க வரவில்லை, பதம் நிற்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவன்' என்று ஊரில் கிண்டல் வேறு. ஹன்ட்ஸ்மனுக்கு நடந்த அதே கதைதான். கோளாறு எஃகில் இல்லை, பழைய சூட்டிலேயே பதம் ஏற்றப் பார்த்ததில் இருந்தது. ஆர்.எஃப். மோஸ்லி கம்பெனி மேனேஜர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் மட்டும் விடாமல் முயன்று, மூணாவது தடவை நல்ல கத்தியாகவே செய்துவிட்டார். வினிகரில் போட்டுப் பார்த்துவிட்டு 'ஸ்டெயின்லெஸ்' என்று பேர் வைத்ததும் அவர்தான்.

இங்கே ஒரு விஷயம். எவர்சில்வர் டம்ளரும் நல்ல கத்தியும் ஒரே இரும்பு இல்லை. பாத்திர எஃகில் கரி ரொம்பக் குறைவு, சுட்டுத் தண்ணியில் தோய்த்தாலும் கெட்டிப்படாது. கத்திக்குக் குரோமியமும் வேண்டும், கரியும் வேண்டும். காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். (ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்றும் அர்த்தமில்லை.)

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்ய இருந்தது என்ன தெரியுமா? ஜப்பானில் சகாய் ஊரில் செய்த கார்பன் எஃகுக் கத்தி. முடியைப் பிளக்கும் கூர்மை, முழங்கால் செலவில் கால்வாசி விலை. நல்லவேளை, காசு கட்டுவதற்கு முன்னால் புத்தி வந்தது. நனைஞ்சால் துடைக்க வேண்டும், புளி பட்டால் கறுக்கும், தேங்காயில் பட்டால் விளிம்பு தெறிக்கும். நாற்பது வருஷ சாம்பல் தேய்ப்பை மறுபடியும் அம்மா தலையிலேயே கட்டப் பார்த்திருக்கிறேன். அந்தக் கத்தி அம்மாவுக்கு இல்லை, என் பெருமைக்கு!

அப்புறம்தான் உறைத்தது. எந்த எஃகு உசத்தி என்று நானூறு வருஷமாக ஷெஃபீல்டில் சண்டை நடந்திருக்கிறது. கெட்டியாக்கினால் உடையும், துருப்பிடிக்காமல் செய்தால் கூர் நிற்பது கஷ்டம். எல்லாம் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கிற கதை. யார் கைக்கு, எந்த அடுப்படிக்கு என்பதில்தான் முடிவு இருக்கிறது. அந்தக் கையை நான் கடைக்குக் கூட்டிக்கொண்டே போகவில்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். எட்டு இஞ்ச் கத்தியைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு கண்ணு" என்று வைத்துவிட்டாங்க. மூணாவதாக எடுத்தது அஞ்சு இஞ்ச். அரை சதவீதம் கரி, 15 சதவீதம் குரோமியம், ஜெர்மன்காரர்கள் சமையல் கத்திக்கு வழக்கமாகப் போடுகிற எஃகு. கைப்பிடி தடிமன், ஈரக்கையிலும் வழுக்காது. கூர் மழுங்கினால் தீட்டச் சின்னதாக ஒரு கல்லும் வாங்கினோம். அந்த வேலை என்னுடையது.

வீட்டுக்கு வந்து நீட்டினேன். "இரும்பைக் கையில குடுக்காதடா, கீழ வை" என்றாங்க. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும், அதனால் வாங்குகிறவர் ஒரு காசு கொடுத்து விலைக்கு வாங்கின மாதிரி ஆக்கிக்கொள்வது இங்கிலாந்துக்காரர்கள் வழக்கம் என்று சொன்னேன். அம்மா எழுந்துபோய் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து வந்து கத்திக்குப் பக்கத்தில் வச்சாங்க.

1992-க்கு அப்புறம் வந்த ஒரு ரூபாய். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், 17 சதவீதம் குரோமியம். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிற சேலம் உருக்காலையில் நாணயத்துக்கு வில்லை வெட்டும் பிரிவும் உண்டு. இது அங்கே வெட்டினதா என்று கேட்டால் காசு வாய் திறக்காது.

அன்னிக்கு ராத்திரி கத்தரிக்காய்ப் பொரியல். ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவே நறுக்கினாங்க. துண்டெல்லாம் ஒரு அளவில் இல்லை. "ஒரு வாரம் போனாப் பழகிரும்" என்றாங்க. அருவாமனையைத் தூக்கிப் பரணில் போடப் போனேன். "அது பாட்டுக்கு மூலையில இருக்கட்டும்டா" என்றாங்க. இருக்கிறது.