பிறர் கதையைப் பிறர் வாயால் கேட்டவர்: அல்-பீரூனி

ஒப்பியல் தொன்மவியல் என்று பேச்செடுத்தால் மக்ஸ் முல்லரின் பெயர்தான் முதலில் வரும். அந்தத் தலைப்பில் அவர் கட்டுரை எழுதியது 1856இல். அதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கரின் கதைகளையும் இந்துக்களின் கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த முஸ்லிம் அறிஞர் ஒருவர் இருந்தார். அவர்தான் அல்-பீரூனி. பூமியின் அளவைக் கணித்தவர் என்று மேடைகளில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். மற்றவர்களின் சமயக் கதைகளை அவர் எப்படிக் கையாண்டார் என்பதை மட்டும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. இன்று எமக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான்.

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்-பீரூனி 973இல் (ஹிஜ்ரி 362) குவாரிஸ்மில், காத் நகர்ப் பகுதியில் பிறந்தார். அது இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. 1000ஆம் ஆண்டளவில், முப்பது வயது நிறையும் முன்பே, 'அல்-ஆஸார் அல்-பாகியா' என்ற நூலை எழுதி ஜுர்ஜானின் ஆட்சியாளர் காபூஸுக்குச் சமர்ப்பித்தார். பாரசீகர், யூதர், கிறிஸ்தவர் முதலான சமூகங்களின் காலக் கணக்குகளையும் பண்டிகைகளையும் ஒப்பிட்டுச் சொல்லும் நூல் அது. 1017இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றினார். பீரூனியும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அது அவராக விரும்பிப் போன பயணமல்ல.

ஆனால் அந்தப் பயணம்தான் இந்தியாவின் கதவை அவருக்குத் திறந்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவர் சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள், ஒரே சொல்லுக்குப் பல பொருள்கள் என்று அந்த மொழி தன்னைப் படுத்திய பாட்டை அவரே எழுதியிருக்கிறார். பண்டிதர்களைத் தேடிப் பிடித்தார். நூல்களைச் சேர்க்கப் பணத்தையும் பார்க்கவில்லை, சிரமத்தையும் பார்க்கவில்லை. பதஞ்சலியின் யோக நூலை அறபுக்குக் கொண்டுவந்தார். 1030 அளவில் 80 அத்தியாயங்கள் கொண்ட 'கிதாபுல் ஹிந்த்' முடிந்தது.

அந்த நூல் பிறந்த காரணம் கவனிக்கத்தக்கது. முஃதஸிலாக்களின் கொள்கையை ஒருவர் திரித்து எழுதியிருந்ததைப் பற்றி அவரும் அபூ ஸஹ்ல் என்ற அறிஞரும் ஒருநாள் கதைத்தார்கள். சொந்த மார்க்கத்துக்குள்ளேயே இப்படியென்றால், பிற சமயங்களைப் பற்றி எழுதியவை எப்படியிருக்கும்? பார்த்தால், இந்துக்களைப் பற்றிய நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. எல்லாம் செவிவழிச் செய்தி. ஆகவே பீரூனி தமக்கொரு விதி வைத்துக்கொண்டார்: இது மறுப்பு நூல் அல்ல, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே சொல்வேன். தமக்கே பாதகமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற குர்ஆனின் போதனையை முன்னுரையிலேயே நினைவூட்டுகிறார்.

அதன்பிறகுதான் ஒப்பீடு வருகிறது. மறுபிறவி பற்றி இந்துக்கள் சொல்வதை முதலில் தருகிறார். பிறகு பிளேட்டோவின் நூலில் ஸோக்ரதீஸ் ஆன்மாவைப் பற்றிச் சொல்வதையும், மானியின் கருத்தையும், ஸூபிகளின் பேச்சையும் பக்கத்தில் வைக்கிறார். சிலை வணக்கம் பற்றிய அத்தியாயம் இன்னும் துணிச்சலானது. படித்த இந்து ஒரே இறைவனைத்தான் நினைக்கிறான், சிலை பாமரருக்காக ஏற்பட்டது என்கிறார். அதோடு நிற்கவில்லை. கஃபாவின் படமொன்றை எம்மில் படிக்காத ஒருவரிடம் காட்டினால், சந்தோஷத்தில் அதை முத்தமிட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளத்தான் செய்வார் என்று தம் பக்கமும் விரலை நீட்டுகிறார். மனித மனம் கண்ணால் காண்பதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட பொது உண்மை.

இதனால் அவர் மார்க்கத்தில் தளர்ந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்துப் பண்டிதர்களின் அகந்தையை அவர் கடுமையாகச் சாடுகிறார். அதே பேனாவால், மஹ்மூதின் படையெடுப்புகள் அந்த நாட்டின் செழிப்பை அழித்தன, முஸ்லிம்கள்மீது ஆழ்ந்த வெறுப்பை விதைத்தன, அறிஞர்களைத் தூர ஓட வைத்தன என்றும் எழுதுகிறார். அந்தச் சுல்தானின் நிழலில் வாழ்ந்தவர், அவருடைய மகன் காலத்திலும் கஸ்னியிலேயே இருந்தவர் எழுதியது இது.

எமது நாட்டோடு தொடர்புடைய இடமொன்றும் நூலில் உண்டு. 'லங்கா' பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. இராவணனின் கோட்டை, இராமன் கட்டிய அணை எல்லாவற்றையும் கேட்டபடியே சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய்வரும் மாலுமிகள் இப்படி எதையும் சொல்லக் காணோமே என்கிறார். வானியலாளர்கள் லங்காவைப் பூமத்திய ரேகையில் வைத்ததால், அது கிராம்பு வரும் வேறொரு தீவாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார். ஸரந்தீபை வேறாகவே குறிப்பிட்டு, அங்கே முத்துக் குளிப்பு நின்றுபோனதைச் சொல்கிறார். ஊகம் சரியா பிழையா என்பது வேறு விஷயம். கதையைக் கதையாகக் கேட்டார், இடத்தைச் சாட்சியை வைத்துச் சோதித்தார். இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை, கதை சொன்னவனைக் கேலி செய்யவுமில்லை.

ஜும்ஆ முடிந்து கடையடியில் நிற்கும்போது, "அவங்க கல்லைத்தானே கும்பிடுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எமது ஹலாலைப் பற்றியும் மத்ரஸாவைப் பற்றியும் ஒன்றும் தெரியாதவர்கள் ஒரே வரியில் எழுதியபோது எம் மனம் எவ்வளவு நொந்தது! மகாவம்சத்தையோ கந்தபுராணத்தையோ ஒருதரமாவது திறந்து பார்த்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? பாளி படித்தவர்கள் எத்தனை பேர்? பீரூனியின் பெயரைப் பள்ளிக்கூடங்களுக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தக் கேள்விகளையும் எமக்குள் கேட்டுக்கொள்வோம். நாற்பது வயதுக்குப் பிறகு அவர் ஒரு மொழியைப் படிக்க உட்கார்ந்தார். எமக்கும் இன்னும் நேரமிருக்கிறது.