மெர்லோ தோட்டத்தில் மறைந்திருந்த கொடி

1994 நவம்பர் 24. சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவுக்குத் தெற்கே, மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் ஒயின் நிறுவனத்தின் திராட்சைத் தோட்டம். நம் ஐப்பசி, கார்த்திகை அங்கே வசந்த காலம், கொடிகள் பூத்திருந்தன. மாநாடு ஒன்றுக்காக வந்திருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மிஷெல் பூர்சிக்கோ, மெர்லோ ரகத் திராட்சை என்று காட்டப்பட்ட வரிசைகளுக்குள் நடந்துபோனார். ஒரு கொடியின் பூங்கொத்தைப் பிடித்து உற்றுப் பார்த்தார். நேராக நிற்க வேண்டிய மகரந்தத் தாள்கள் முறுக்கி நெளிந்திருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று அவர் சொன்னதும் கூட இருந்தவர்களுக்கு அது சாதாரணச் செய்தியாக இருந்திருக்க முடியாது. பிரான்ஸின் போர்டோ மண்ணிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏறக்குறைய அற்றுப்போன ரகம் அது.

அது எப்படி அற்றுப்போனது, எப்படிச் சிலியில் வேறு பெயரில் பிழைத்தது என்பதைப் புரிந்துகொண்டால், ஒயின் உலகம் ஏன் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்பதும் விளங்கிவிடும்.

ஐரோப்பா பழைய உலகம். அமெரிக்கக் கண்டங்கள், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் புதிய உலகம். பழைய உலக ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும், புதிய உலக ஒயினில் பழச்சுவையும் ஆல்கஹாலும் கூடுதலாக இருக்கும் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான்; ஆனால் அதில் பாதி வெயில் செய்யும் வேலை. வரலாற்றைத் தேடுகிறவர்கள் நாக்கை விட்டுவிட்டுப் புட்டியின் லேபிளைப் பார்ப்பது நல்லது.

போர்டோ லேபிளில் ஊர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். என்ன திராட்சை என்பது பெரும்பாலும் இருக்காது. 1855 பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்டோ தரகர்கள் தயாரித்த புகழ்பெற்ற தரவரிசையும் தோட்டங்களின் வரிசைதான். 1935-இல் வந்த பிரெஞ்சுச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது: எந்த எல்லைக்குள், எந்த ரகத்தை, எவ்வளவு விளைச்சலுக்கு வளர்க்கலாம் என்பதெல்லாம் விதியானது. புதிய உலகத்துக்கு அத்தகைய ஊர்ப் பெருமை கிடையாது. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு, கலிபோர்னியாக்காரர்கள் தங்கள் ஒயினுக்கு 'பர்கண்டி', 'ஷாப்லி' என்று பிரெஞ்சு ஊர்ப் பெயர்களையே வைத்து விற்றார்கள். இரவல் பெயர் வேண்டாம், திராட்சையின் பெயரைப் போடுங்கள் என்று விடாமல் வாதாடியவர் ஒயின் வணிகரும் எழுத்தாளருமான ஃபிராங்க் ஸ்கூன்மேக்கர். அந்த வழக்கமே பின்னால் புதிய உலகம் முழுவதும் நிலைத்தது. பழைய உலகில் நம்பிக்கை மண்ணின் மேல், புதிய உலகில் ரகத்தின் மேல்.

கார்மெனேர் எப்படி அற்றுப்போனது என்பதைப் பார்க்க, இனி 1868-க்குப் போவோம். தென் பிரான்ஸில் ரோன் நதி கடலில் சேரும் பகுதியில் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்தன. மோன்பெலியே பேராசிரியர் ழூல்-எமில் பிளான்ஷோன் உட்பட மூவர் குழு அங்கே போனது. பட்டுப்போன கொடிகளின் வேரைத் தோண்டினால் ஒன்றுமில்லை. பிறகு பச்சையாக நின்ற ஒரு கொடியைத் தோண்டினார்கள். உருப்பெருக்கியில் வேர் முழுக்க மஞ்சள் நிறப் பூச்சிகள், அசுவினியைப் போலச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. வேர் செத்ததும் அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் பட்ட கொடியில் அகப்படவில்லை. அதுதான் பில்லாக்ஸெரா, வட அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி.

1875-இல் ஏறத்தாழ 845 கோடி லிட்டராக இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி, 1889-இல் சுமார் 234 கோடி லிட்டருக்கு இறங்கியது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு அரசு அறிவித்த 3 லட்சம் பிராங்க் பரிசு கடைசிவரை யாருக்கும் வழங்கப்படவில்லை. ஆனால் வழி கிடைத்தது. அந்தப் பூச்சியோடு காலகாலமாக வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். நாட்டு மாங்கன்றில் நல்ல ரகத்தை ஒட்டுகிறோமே, அதே வித்தைதான். இன்றைக்கும் பிரான்ஸின் பெரும்பாலான தோட்டங்கள் அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. பழைய உலகத்தின் மண் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்த வேரையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

தோட்டங்களைத் திரும்ப நட்டபோது விவசாயிகள் கணக்குப் பார்த்தார்கள். கார்மெனேர் தாமதமாகப் பழுக்கும். பூக்கும் பருவத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ கொட்டிவிடும், பிஞ்சு நிற்காது. கடனில் கிடந்தவர்கள் அதை எதற்கு நடுவார்கள்? கைவிட்டார்கள்.

சிலிக்கு அந்தக் கொடி முன்பே போய்விட்டிருந்தது. 1851-இல் சில்வெஸ்த்ரே ஒச்சாகாவியா என்ற சிலி நாட்டுச் செல்வந்தர் பிரெஞ்சுக் கொடிகளை வரவழைத்து நட்டார்; மற்றப் பணக்காரக் குடும்பங்களும் அவர் வழியில் சென்றன. பூச்சி பிரான்ஸைத் தொடும் முன் நடந்தது இது. சிலிக்குக் கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக், வடக்கே அட்டகாமா பாலைவனம். பில்லாக்ஸெரா இன்றுவரை சிலியில் கால்வைக்கவில்லை. ஆண்டிஸ் பனியுருகி வரும் வாய்க்கால் தண்ணீரில், ஒட்டு எதுவும் இல்லாமல் சொந்த வேரிலேயே கொடிகள் வளர்ந்தன. நீண்ட, மழையற்ற இலையுதிர் காலம் கார்மெனேருக்கு வாகாக அமைந்தது.

ஆனால் அது மெர்லோவோடு கலந்து நின்றது, மெர்லோ என்றே அழைக்கப்பட்டது. மெர்லோ பழுத்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்தார்கள். கார்மெனேர் பழுக்க இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். காயாகப் பறித்த குலைகள் ஒயினில் குடைமிளகாய் வாசனையை ஏற்றின. சிலி மெர்லோவின் தனிக்குணம் அது என்றே சந்தை நம்பியது. தோட்டத்து ஆட்களுக்கோ இதில் ஒன்று பிந்திப் பழுக்கும் என்பது தெரிந்தேயிருந்தது. இளந்தளிரின் அடிப்பக்கம் சிவந்திருந்தால் அது கார்மெனேர், வெளுத்திருந்தால் மெர்லோ.

பூர்சிக்கோவின் கண்டுபிடிப்பைப் பின்னர் மரபணுச் சோதனையும் உறுதிசெய்தது. மெர்லோ அமெரிக்காவில் அமோகமாக விற்ற நேரம் அது. உலகம் மறந்துபோன ஒரு பெயரை லேபிளில் போடச் சிலி தயங்கியதில் வியப்பில்லை. 1998-இல்தான் கார்மெனேர் அங்கே அதிகாரபூர்வமான ரகமானது. இரண்டையும் பிரித்து, அதனதன் பருவத்தில் பறிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகிலேயே அதிகமாகக் கார்மெனேர் விளைவது சிலியில்தான். போர்டோவிலும் மிகச் சில தோட்டங்கள் அதைச் சிறிதளவு மறுபடி வளர்க்கின்றன.

சிலியில் மட்டும் அது மறைந்திருக்கவில்லை. இத்தாலியின் வடகிழக்கில் கபர்னே ஃபிராங்க் என்ற பெயரில் இருந்தது. சீனாவில் கபர்னே கெர்னிஷ்ட் என்ற பெயரில் வளர்ந்ததும் கார்மெனேர்தான் என்று மரபணு காட்டிவிட்டது. சீனாவுக்கு ஐரோப்பியக் கொடிகளைக் கொண்டுவந்து, 1892-இல் யான்தாய் துறைமுகத்தில் சாங்யூ ஒயின் ஆலையைத் தொடங்கியவர் சாங் பிஷி. பினாங்கு ஜார்ஜ் டவுனில் நீல மாளிகை கட்டிய சியோங் ஃபாட் ட்ஸி என்று சொன்னால் பல வாசகர்களுக்கு உடனே தெரியும். அவருடைய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)