ஏடும் ஏரும்

ஒரு பத்தி, அதன்கீழே சில வினாக்கள், ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள், நான்கில் ஒன்றே சரி! மேலாண்மைக் கல்லூரிகளின் வாயிற்படியில் இன்று நிற்கும் காவலன் இவன். பணவீக்கம், பன்னாட்டு வாணிபம், நிலவாரம் என்று, எழுதுபவன் கேட்டும் அறியாத பொருளைப் பத்து வரிக்குள் அடைத்து நீட்டி, "படி, புரிந்துகொள், பதில் சொல்" என்று அதட்டுகிறான். இந்தக் காவலனின் மூதாதையரில் ஒருவனைத் தேடிப் போனால் எங்கே போய் நிற்கிறோம் தெரியுமா தோழர்களே? இலண்டனுக்கு வடக்கே, ஹெய்லிபரி என்னும் ஊரிலே, கிழக்கிந்தியக் கும்பினி நமக்காக — ஆம், நம்மை ஆள்வதற்காக — நடத்திய கல்லூரியிலே!

1806இல் ஹெர்ட்போர்டில் தொடங்கி, 1809இல் ஹெய்லிபரிக்குக் குடிபெயர்ந்தது அந்தக் கல்லூரி. உள்ளே நுழைய எது வேண்டும்? அறிவா? ஆற்றலா? கும்பினியின் இயக்குநர் ஒருவரின் கடைக்கண் பார்வை வேண்டும்! அவர் பரிந்துரைத்த பிள்ளைகளே நுழைய முடியும். தகுதி, தகுதி என்று தொண்டை கட்டப் பேசுவோர் இந்த ஏட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அங்கே வரலாறும் அரசியல் பொருளாதாரமும் கற்பித்தவர், மக்கட்பெருக்கம் பற்றி எழுதிப் புகழும் பழியும் ஒருங்கே பெற்ற தாமஸ் ராபர்ட் மால்தஸ். 1805இல் பதவி ஏற்றவர், 1834இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட பெருநூலே அவருக்குப் பாடநூல். பக்கம் பக்கமாக ஒப்பிக்கச் சொல்லவில்லை. பகுதி பகுதியாக எடுத்து வினாக்கள் தொடுத்தார். ஆசிரியர் இங்கே என்ன சொல்கிறார்? எந்தக் காரணத்தால் சொல்கிறார்? அக்காரணம் போதுமானதா? 1830 வாக்கில் அவரிடம் பயின்ற இன்வெரரிட்டி என்னும் மாணவரின் கையெழுத்துப் படி ஒன்றில் அந்த வினாக்கள் இன்றும் கிடைக்கின்றன. பொருளாதாரப் பத்தியைப் படித்து விடையளிக்கும் கலைக்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று அரிது.

அவர்கள் பயின்ற பொருளிலேயே ஒரு பத்தியை நாமும் எடுத்துக்கொள்வோம். "தானியத்தின் விலை ஏறும்போது, தரிசாய்க் கிடந்த தாழ்ந்த நிலத்தை உழுவதும் கட்டுபடியாகிறது. அந்நிலம் கூலியையும், போட்ட முதலுக்குரிய இலாபத்தையும் மட்டுமே தரும், மிச்சம் தராது. அதே உழைப்பும் முதலும் நல்ல நிலத்தில் மிச்சம் தரும். அந்த மிச்சமே வாரம்." வினா இது: ஆசிரியர் கூற்றுப்படி, வாரம் உயர்வதற்குக் காரணம் யாது? நிலக்கிழாரின் பேராசை என்பது முதல் விடை. விலையேற்றத்தால் தாழ்ந்த நிலமும் உழவுக்கு வருவது என்பது இரண்டாவது. நல்ல நிலம் மிகுதியாக விளைவது என்பது மூன்றாவது. கூலி குறைவது என்பது நான்காவது.

குத்தகைக்காரன் வீட்டுப் பிள்ளை முதல் விடையைத்தான் தொடுவான். அப்பன் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் வேறு எதைத் தொடுவான்? ஆனால் வினா அவன் கண்டதைக் கேட்கவில்லை; "ஆசிரியர் கூற்றுப்படி" என்ற இரண்டு சொற்களால் அவன் வாழ்வைப் பத்திக்கு வெளியே நிறுத்திவிட்டது. பேராசை என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை. கூலி குறைவதும் இல்லை. மூன்றாவது விடைதான் முள் மறைத்த மலர்! நல்ல நிலம் மிகுதியாக விளைவது, வாரம் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லும்; ஏன் உயர்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே இரண்டாவதே சரி. போதாததற்கு, தேர்வு ஆங்கிலத்தில் என்றால் 'ரெண்ட்' என்று வரும். வீட்டு வாடகை என்று மட்டுமே அறிந்தவன் முதல் வரியிலேயே தடுக்கி விழுவான். பங்குச் சந்தைப் பேச்சோடு காலை உணவு உண்ணும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தடுக்கல் இல்லை.

அடுத்த வினா வேறு வகை: இந்த வாதம் எதை மெய்யெனக் கொண்டு நடக்கிறது? உழவன் கூலிக்கு ஆள் வைக்கிறான், முதலுக்கு இலாபக் கணக்குப் பார்க்கிறான், கட்டுபடியாகாவிட்டால் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறான் — இவற்றை மெய்யெனக் கொண்டு நடக்கிறது. இங்கே குத்தகைக்காரன் மகனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மனைவியும் மக்களும் இறங்கி உழைக்கும் வயலில் கூலி எது, இலாபம் எது, மிச்சம் எது? போக வேறு தொழில்தான் ஏது? முதல் வினாவுக்குத் தன் வாழ்வை ஒதுக்கி வைக்க வேண்டியவன், இரண்டாம் வினாவுக்கு அதை மீண்டும் கையில் எடுக்க வேண்டும். எப்போது ஒதுக்குவது, எப்போது எடுப்பது என்பதிலேதான் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த இரண்டாம் வினாவை மறந்தால் மதிப்பெண் மட்டுமா குறையும்? மால்தஸின் மாணவர் ஆர். கே. பிரிங்கிள் பம்பாய் மாகாணத்துக்கு வந்தார். பேஷ்வாவிடமிருந்து கும்பினி 1818இல் கைப்பற்றிய பூனா வட்டாரத்தில், 1827 முதல் நிலங்களை அளந்து வரி விதிக்கும் வேலை அவருக்கு. கல்லூரியில் கற்றது கையில் இருந்தது: விளைவில் செலவைக் கழித்தால் நிகர விளைவு, அதில் 100க்கு 55 பங்கு அரசுக்கு! ஏட்டில் எவ்வளவு அழகான கணக்கு! வயலில் செலவுக் கணக்கைக் கண்டவர் யார்? கீழலுவலர்கள் எழுதிக் கொடுத்ததே கணக்காயிற்று. கையூட்டுப் பெற்றும் எழுதினார்கள். தானிய விலையும் வீழ்ந்தது. வரி நின்றது, உழவன் நிற்கவில்லை. அடித்தும் வதைத்தும் தண்டினார்கள். வீட்டைத் துறந்து, கும்பினி எல்லையைக் கடந்து, அண்டை அரசர்களின் நாடுகளுக்கு ஓடியவர் பலர். பரந்த நிலம் பாழாய்க் கிடந்தது. 1835 முதல் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்ற இருவர் இந்தாப்பூர் தாலுகாவில் மறு அளவை தொடங்கியபோது, நிகர விளைவுக் கணக்கைத் தள்ளிவிட்டு, மண்ணின் ஆழத்தையும் தன்மையையும், முன்னாட்களில் உண்மையாகவே வந்த வரியையும் பார்த்தார்கள்.

இயக்குநர் தயவில் இடம் பெறும் முறையை 1853ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1855இல் போட்டித் தேர்வு வந்தது. 1858இல் ஹெய்லிபரிக் கல்லூரி மூடப்பட்டது. கதவு திறந்தது என்கிறீர்களா? தேர்வு நடந்தது இலண்டனில்! கடல் கடந்து சென்று முதன்முதலில் வென்ற இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர்; ஆண்டு 1863. பின்னர் வயது வரம்பை 19ஆகக் குறைத்து அந்த இடுக்கையும் நெருக்கினார்கள். இந்திய மண்ணில் அத்தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தியைத் தவறாகப் படித்த மாணவன் இன்று ஓர் ஆண்டை இழக்கிறான். பூனா உழவர்களைத் தவறாகப் படித்த பிரிங்கிள் எதை இழந்தார்? 1847இல் சிந்து மாநிலம் முழுவதற்கும் அவரைக் கமிஷனர் ஆக்கினார்கள்.