எச்.ஐ.வி.யின் உறங்குநிலை: ஒரு வரலாற்று நோக்கு

நோயொன்றின் வரலாறு மருத்துவரின் வரலாறு மாத்திரமன்று; மருந்தைப் பெற்றோரதும் பெறாதோரதும் வரலாறுமாகும். எச்.ஐ.வி. பற்றிய மூலக்கூற்று வைரசியல் ஆய்வின் வளர்ச்சியை நோக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலப்படும். அவ்வளர்ச்சியின் மையத்தில் நிற்பது வைரசின் ‘உறங்குநிலை’ என்னும் கருத்தாகும்.

1981 யூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர் ஐவரைப் பீடித்த அரியதொரு நுரையீரல் அழற்சி பற்றி அமெரிக்க அரசின் சுகாதார வார ஏடு குறிப்பொன்றை வெளியிட்டது. எயிட்ஸ் நோயின் அறியப்பட்ட வரலாறு அதிலிருந்தே தொடங்குகிறது. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மொன்ரானியே முதலியோர் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தறிந்தனர். தனது ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்த்து, தான் புகுந்த கலத்தின் நிறமூர்த்தத்திலே பொருத்திக்கொள்வது இவ்வகை வைரசின் இயல்பு. எனவே, கலம் வாழுங்காறும் வைரசின் பிரதியும் அதனுள் வாழும்.

1996 அளவில் மும்மருந்துச் சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. குருதியில் வைரசு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தது. 1997இல் அலன் பெரல்சன், டேவிட் ஹோ ஆகியோரும் குழுவினரும், சிகிச்சை முற்றாகப் பயன்தரின் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் வைரசை ஒழித்தல் கூடும் எனக் கணித்தனர். அறியப்படாத உறைவிடங்கள் இருப்பின் அக்காலம் நீளும் என எச்சரிக்கவும் தவறவில்லை.

அவ்வெச்சரிக்கை அவ்வாண்டிலேயே மெய்யாயிற்று. றொபேட் சிலிசியானோ, டக்ளஸ் றிச்மன், அந்தனி பௌசி ஆகியோரைச் சார்ந்த மூன்று குழுக்கள், சிகிச்சை பெறுவோரின் ஓய்வுநிலைக் கலங்களில் உயிர்ப்புள்ள வைரசு ஒளிந்திருப்பதை நிறுவின. முன்னர் வந்த நோய்களை நினைவிற்கொள்ளவென உடல் பேணிவரும் கலங்களே வைரசுக்கும் புகலிடமாயின. ஏறத்தாழ பத்து இலட்சம் ஓய்வுநிலைக் கலங்களில் ஒன்றிலேயே அது காணப்பட்டது. எனினும் மருந்துகள் வைரசின் பெருக்கத்தைத் தடுப்பன. பெருகாது கிடப்பதை அவை தீண்டா. இச்சேமிப்புப் பாதியாகக் குறைய 44 மாதங்கள் செல்லும் எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. அவ்வாறாயின், முற்றாக அழிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் வைரசு மீளும்.

உயிரியல் உண்மை பொருளாதார உண்மையாக மாறுவது இவ்விடத்திலேயாகும். வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். அக்காலத்தில் அதன் விலையோ ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் டொலரளவில் இருந்தது. மலிவான மருந்துகளைப் பெற வழிசெய்த தென்னாபிரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மருந்துக் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. மக்கள் இயக்கங்களின் எதிர்ப்பினால் 2001 ஏப்ரிலில் 39 கம்பனிகள் அதனைக் கைவிட்டன. அதே ஆண்டு பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஓராண்டு மருந்தை 350 டொலருக்குத் தர முன்வந்திருந்தது. ஆயினும், எச்.ஐ.வி.யே எயிட்சுக்குக் காரணம் என்பதை ஐயுற்ற தாபோ எம்பெக்கியின் அரசு மருந்து வழங்கலைத் தாமதித்தமையையும் மறைத்தலாகாது. மூலதனம் மட்டுமன்று, அறிவியலைப் புறக்கணித்த அரசியலும் உயிர்களைப் பலிகொண்டது.

உறங்கும் வைரசை ஒழிக்கும் முயற்சிகள் தொடர்கின்றன. 2007இல் பேர்லினில் எலும்பு மச்சை மாற்றீடு பெற்ற ரிமதி பிறவுண் குணமடைந்தார். ஆனால் அபாயம் மிக்க அம்முறை யாவர்க்கும் பொருந்தாது. ஒழித்தல் அரிதாயிருக்கும்வரை தடுத்தலே தலையாய பணியாகிறது. தொற்றுடையோருக்கு விரைந்து சிகிச்சையளித்தால் துணைவருக்குத் தொற்றுவது 96 வீதம் குறைவதை 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2024இல், ஆண்டுக்கு இருமுறை ஊசியாக ஏற்றப்படும் லெனகபவிர் மருந்தைப் பெற்ற தென்னாபிரிக்க, உகண்டா நாட்டுப் பெண்கள் 2,134 பேரில் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை.

அவ்வாண்டிலேயே அம்மருந்தை மலிவாக உற்பத்திசெய்து 120 நாடுகளுக்கு வழங்க அனுமதியளிக்கப்பட்டது. மற்றொரு பரிசோதனைக்குத் தம் மக்களை அளித்த பிறேசில், மெக்சிக்கோ, பெரு ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மருந்தின் பயனை நிறுவுவதற்கு உடலை ஈந்தோர் அப்பயனுக்கு உரியோராகக் கொள்ளப்படாமை சிந்தனைக்குரியது. வைரசு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஆய்வுகூடம் கண்டு கூறிவிட்டது. மருந்து யாருக்கு உரியது என்பதைச் சமுதாயமே தீர்மானிக்க வேண்டியுள்ளது.